சிம்மக்கல் மாடியில் பத்து ஞாயிற்றுக்கிழமைகள்: அமெரிக்க அரசியல் வகுப்பு எப்படி இருந்தது?

என் மகள் டெக்சாஸில் இருக்கிறாள். 2025 அக்டோபர் கடைசியில் பேசும்போது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இந்த முறை சம்பளம் வரவில்லை, ஆனாலும் தினமும் வேலைக்குப் போகிறார் என்றாள். விமான நிலையத்தில் பயணிகளைச் சோதனையிடும் பிரிவில் அந்தப் பெண் அரசு ஊழியர். "அரசாங்கமே முடங்கிக் கிடக்கிறது அம்மா, செலவு மசோதா நிறைவேறவில்லை" என்றாள்.

நான் முப்பத்து மூன்று ஆண்டு மதுரையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பண மசோதா தோற்றால் அரசாங்கம்தானே பதவி இழக்க வேண்டும், ஊழியரின் சம்பளம் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். பன்னிரண்டு ஆண்டு அங்கே குடியிருக்கும் அவளுக்கும் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவள் அவள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் படித்தது லேடி டோக் கல்லூரியில். 1948இல் கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கிய கல்லூரி. அவர் ஊர் எப்படி ஆளப்படுகிறது என்று அங்கே படித்த மூன்று ஆண்டில் ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை.

முதலில் இணையத்தில் 4,999 ரூபாய் கட்டி ஒரு பாடத்தில் சேர்ந்தேன். எல்லாம் பதிவு செய்த ஆங்கிலப் பேச்சு. சந்தேகம் கேட்க ஒரு பெட்டி இருந்தது. மூன்று கேள்வி எழுதினேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை. நான்காம் பாடத்தோடு நிறுத்திவிட்டேன். பிறகு, சிம்மக்கல் மைய நூலகத்தில் செய்தித்தாள் படிக்கும் மேசையில் ஒரு பெரியவர் சொல்லித்தான் இந்த வகுப்பு எனக்குத் தெரிந்தது. நூலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடி. பெயர்ப் பலகை கிடையாது. கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் தமிழிலேயே நடத்துகிறார். தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஐயா என்றே எழுதுகிறேன்.

ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை, பத்து வாரம், கட்டணம் 1,500 ரூபாய். சுருள் கம்பி போட்டுக் கட்டிய 72 பக்கக் குறிப்பேடு ஒன்றும் அதில் அடக்கம். நாங்கள் 26 பேர். பாதிப் பேர் என்னைப் போல் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டவர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் ஐந்தாறு பேர், மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர், உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வரும் முன்னாள் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்.

முதல் வகுப்பின் முதல் அரைமணி 'காங்கிரஸ்' என்ற ஒரு சொல்லுக்கே போனது. காங்கிரஸ் எதிர்த்தது, காங்கிரஸ் ஒப்புதல் தந்தது என்று செய்தியில் வரும்போதெல்லாம் அது ஏதோ கட்சி என்றே எங்களில் பலர் நினைத்திருந்தோம். அங்கே நாடாளுமன்றத்துக்கே அந்தப் பெயர். 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட், இரண்டும் சேர்ந்தது காங்கிரஸ். பிரதிநிதிகளுக்கு இரண்டு ஆண்டுப் பதவி, செனட்டர்களுக்கு ஆறு ஆண்டு. செனட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் வரும். "நூறு பேர் என்றால் நம் மாநகராட்சி மன்றம் அளவுதான்" என்றார் ஐயா. மதுரை மாநகராட்சிக்கும் நூறு வார்டுதான். அந்த எண் அன்றிலிருந்து எனக்கு மறக்கவில்லை.

எந்தப் பதவியைப் பற்றிப் பேசினாலும் ஐயா பலகையில் இரண்டு கட்டம் போடுவார். ஒன்று, இவரை உட்கார வைப்பது யார். இரண்டாவது, இவரை எழுப்பிவிடக் கூடியவர் யார். பிரதமருக்குப் போட்டுக் காட்டினார். மக்களவை உட்கார வைக்கிறது, மக்களவையே எழுப்பிவிடும். 1999இல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில், 269க்கு 270 என்று கவிழ்ந்ததை எங்கள் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. அடுத்து அமெரிக்க அதிபருக்குப் போட்டார். முதல் கட்டத்தில் காங்கிரஸ் இல்லை. அதிபருக்குத் தனித் தேர்தல். இரண்டாவது கட்டத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்று கிடையாது. குற்றச்சாட்டுத் தீர்மானம் மட்டும் உண்டு. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை கிடைத்தால் குற்றம் சாட்டலாம். பதவியைப் பறிக்கச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் மீது 1868இல், கிளின்டன் மீது 1998இல், டிரம்ப் மீது 2019இலும் 2021இலும் என்று நான்கு முறை குற்றம் சாட்டியிருக்கிறார்கள். ஒரு முறையும் பதவி பறிபோகவில்லை. நிக்சன் 1974இல், சபையில் வாக்கெடுப்பு வருவதற்கு முன்பே தாமாக விலகிவிட்டார்.

அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது என் கேள்விக்கு விடை கிடைத்தது. இங்கே அரசாங்கம் மக்களவையின் பெரும்பான்மையில் உயிர் வாழ்கிறது. பண மசோதா தோற்றால் அந்த உயிர் போய்விடும், புதிய அரசு வரும். அங்கே அதிபரின் நான்கு ஆண்டும் காங்கிரஸின் தவணையும் முன்பே எழுதி வைத்தவை. இவரை அவர்களோ அவர்களை இவரோ வீட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாது என்று சாசனமே சொல்கிறது. சண்டை வந்தால் ஆட்கள் அப்படியே இருப்பார்கள், பணம் நின்றுவிடும்.

1980க்கு முன்பு ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்கள் எப்படியோ சமாளித்து ஓடிக்கொண்டிருந்தனவாம். அந்த ஆண்டு, அரசின் தலைமைச் சட்ட அதிகாரி பழைய சட்டம் ஒன்றைச் சுட்டிக்காட்டி, ஒதுக்கீடு இல்லாவிட்டால் அத்தியாவசிய வேலை தவிர மற்றதை நிறுத்தியாக வேண்டும் என்று கருத்துரை எழுதினார். முடக்கம் என்ற வழக்கம் அதிலிருந்து பிறந்தது. 2018 டிசம்பரில் தொடங்கியது 35 நாள் நீடித்தது. 2025 அக்டோபர் 1இல் தொடங்கியது நவம்பர் 12 வரை 43 நாள். வகுப்பு முடிந்த அன்று மாலையே மகளை அழைத்து, பாக்கிச் சம்பளம் கட்டாயம் வந்துவிடும், அதற்கு 2019இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல் என்றேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. இருந்தாலும் சொல்ல முடிந்ததில் எனக்கு நிறைவு.

இரண்டாம் வாரம் ஐயா என்னை எழுப்பி, வங்கியில் என்ன பிரிவு பார்த்தீர்கள் அம்மா என்று கேட்டார். பெட்டக அறையைப் பதினோரு ஆண்டு பார்த்திருக்கிறேன் என்றேன். பெட்டகம் எப்படித் திறக்கும் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றார். வாடிக்கையாளர் கையில் ஒரு சாவி, வங்கியின் கையில் ஒரு சாவி. முதலில் நான் என் சாவியைத் திருப்ப வேண்டும், அதன் பிறகுதான் அவர் சாவி திரும்பும். நகை அவருடையதுதான், ஆனாலும் நான் வராமல் திறக்க முடியாது. அறை எங்களுடையதுதான், ஆனாலும் அவர் வராமல் நாங்கள் திறக்க முடியாது. "அமெரிக்கச் சாசனத்தை எழுத 1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் செய்தது இந்த வேலைதான்" என்றார் ஐயா. நீதிபதியை அதிபர் முன்மொழிகிறார், செனட் சம்மதிக்க வேண்டும். மசோதாவை இரு சபையும் நிறைவேற்றினாலும் அதிபர் மறுத்துவிடலாம். இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அந்த மறுப்பையும் தாண்டலாம். இத்தனையும் முடிந்த சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம். அந்த அதிகாரம் சாசனத்தில் வெளிப்படையாக எழுதப்படாதது, 1803இல் ஒரு வழக்கின் தீர்ப்பில் நீதிமன்றமே நிலைநாட்டியது. இப்போது எந்த அமெரிக்கச் செய்தி வந்தாலும் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன். செய்தி வாசிப்பாளர் அதைச் சொல்லாவிட்டாலும் பாதி நேரம் கண்டுபிடித்துவிடுகிறேன்.

நான்காம் வாரம் எங்களையே காங்கிரஸ் ஆக்கினார். பதினான்கு பேர் பிரதிநிதிகள் சபை, எட்டுப் பேர் செனட், பூ வியாபாரி அதிபர், மூன்று இளைஞர்கள் நீதிமன்றம். மசோதா: பூ மார்க்கெட்டில் எல்லாக் கடையிலும் மின்னணுத் தராசு கட்டாயம். பிரதிநிதிகள் சபையில் 10க்கு 4 என்று பத்து நிமிடத்தில் நிறைவேறிவிட்டது. செனட்டில் ரயில்வேக்காரர் எழுந்தார். பேசி முடிக்கும் வரை வாக்கெடுப்பு கிடையாது என்பது அங்கே நடைமுறை. மசோதாவைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு மதுரையிலிருந்து சென்னைக்கு ஒவ்வொரு நிலையமாகச் சொல்லத் தொடங்கினார். கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைக்கானல் ரோடு, அம்பாத்துரை, திண்டுக்கல். ஒவ்வோர் ஊரிலும் தான் வேலை பார்த்த கதை, அங்கே நின்ற வண்டியின் கதை. பேச்சை நிறுத்த நூறில் அறுபது பேர் வேண்டும், எங்கள் எட்டில் ஐந்து பேர். நாங்கள் நான்கு பேர்தான் சேர்ந்தோம். ஐந்தாமவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை. தட்டுத் தராசை விட்டால் கூடைக்காரப் பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார், கடைசி வரை அசையவில்லை. மணப்பாறை தாண்டும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது. மசோதா செத்துவிட்டது.

அப்புறம்தான் ஐயா சொன்னார்: 1957இல் கறுப்பின மக்களின் குடிமை உரிமைகளுக்கான மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் 24 மணி 18 நிமிடம் இப்படிப் பேசினார் என்று. அந்த மசோதா பிறகு நிறைவேறியது. சற்று முன்புவரை சிரித்துக்கொண்டிருந்த அறையில் பேச்சே எழவில்லை. பேச்சுரிமை என்று நாங்கள் கைதட்டிய ஒன்று, எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று அந்த ஒரு வரியில் புரிந்தது.

அதிபர் தேர்தல் வகுப்புக்கு நான் கால்குலேட்டர் எடுத்துக்கொண்டு போனேன். மக்கள் போடும் ஓட்டு நேராக வேட்பாளருக்குச் சேர்வதில்லை, மாநிலவாரியாக, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களுக்குப் போகிறது. ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் எத்தனையோ அத்தனை, அதோடு செனட்டர்கள் இரண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று. 435, 100, 3 சேர்ந்து 538. வெற்றிக்கு 270 வேண்டும். மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில், அதிக ஓட்டு வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும். கலிபோர்னியாவில் சுமார் 3.95 கோடிப் பேருக்கு 54 தேர்வாளர்கள். வயோமிங்கில் 5.77 லட்சம் பேருக்கு மூன்று. நான் வகுத்துப் பார்த்தேன்: கலிபோர்னியாவில் ஒரு தேர்வாளருக்கு ஏழே கால் லட்சத்துக்கு மேல், வயோமிங்கில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. வயோமிங் மாநிலம் முழுவதும் இருப்பவர்களைவிட நம் மதுரை நகரத்தில் அதிகம் பேர் இருக்கிறோம். அந்த மாநிலத்துக்கு செனட்டில் கலிபோர்னியாவுக்குச் சமமாக இரண்டு இடம். நம் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு ஒன்று என்று ஆள்கணக்குக்கு ஏற்பத் தந்திருக்கிறார்கள். எனக்கு நம்முடையதுதான் நியாயமாகப் படுகிறது. வகுப்பில் இதைச் சொன்னேன். சின்ன மாநிலங்கள் அந்தச் சமம் இல்லாமல் ஒன்றியத்தில் சேரவே சம்மதித்திருக்காது என்று ஐயா 1787இன் பேரத்தை விளக்கினார். வரலாறு புரிந்தது. என் கருத்து மாறவில்லை. 2000இல் புளோரிடாவின் 537 ஓட்டு வித்தியாசம் நாட்டின் அதிபரையே தீர்மானித்ததும், 2016இல் ஹிலாரி கிளின்டன் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றதும் என் பக்க வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கின்றன.

இந்த இடத்தில் குறிப்பேட்டில் ஒரு பிழை. கலிபோர்னியாவுக்கு 55 என்றே அச்சாகியிருக்கிறது. அது 2020 வரை இருந்த கணக்கு. நான் எடுத்துச் சொன்னதும் ஐயா எல்லாருடைய பிரதியிலும் பேனாவால் தாமே திருத்திக் கொடுத்தார்.

ஏழாம் வாரம் வாக்குரிமை. என்னைக் கேட்டால், இந்த ஒரு வகுப்புக்கே 1,500 ரூபாய் தரலாம். இனத்தின் பெயரால் ஓட்டை மறுக்கக் கூடாது என்று 15ஆவது திருத்தம் 1870இலேயே சொல்லிவிட்டது. ஆனால் தென் மாநிலங்களில் ஓட்டுப் போட வரி கட்டு என்றார்கள், எழுதப் படிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைத்தார்கள். 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரத்துப் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்து வந்தவர்களைப் போலீசார் அடித்து விரட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. நான் நோட்டில் கழித்துப் பார்த்தேன்: தொண்ணூற்றைந்து ஆண்டு.

ஐயா பலகையில் இன்னொரு தேதி எழுதினார்: 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாதவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன நாள். நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியிலிருந்து அந்தக் கோபுரம் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்காமல் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்து காந்தியின் வழியைப் படித்துவிட்டுப் போனார், அதற்கு ஆறு ஆண்டு கழித்துச் செல்மா என்று சொல்லிவிட்டு ஐயா சற்று நேரம் பேசவில்லை. உசிலம்பட்டிக்காரர் மட்டும் எழுந்து, "சட்டம் வந்த பிறகும் கதவு திறக்க ஆள் வேண்டும் போலிருக்கிறது" என்றார்.

ஆளுநர் பற்றிய வகுப்பில் விவாதம் சூடாக நடந்தது. அங்கே ஆளுநரை மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், மாநில அரசின் தலைவரே அவர்தான் என்றதும் வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நம் மாநிலத்தில் அந்தப் பதவியைப் பற்றி யாருக்குத்தான் கருத்து இல்லை? மாநிலங்களுக்குத் தனித்தனிச் சாசனம், தனித்தனி வரி. மகள் நியூஜெர்சியில் இருந்தபோது மாநில வருமான வரி கட்டினாள், டெக்சாஸில் அது கிடையாது. ஓட்டுநர் உரிமத்தையும் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. இதையெல்லாம் வெறும் அலைச்சல் என்று இருவரும் நினைத்திருந்தோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு ஒதுக்கியது போதாது. ஒன்பது நீதிபதிகள் ஓய்வு வயதே இல்லாமல் வாழ்நாள் முழுவதும் இருக்கிறார்கள், நம் உச்ச நீதிமன்றத்தில் 65 வயது வரம்பு. இதைத் தொட்டதோடு நேரம் முடிந்துவிட்டது. பெற்றோர்கள் இத்தனை பேர் இருந்தும் விசா, கிரீன் கார்டு பற்றி ஒரு வகுப்பும் இல்லை. வேலை வழியாக வரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால்தான் நம் பிள்ளைகள் இத்தனை ஆண்டு காத்திருக்கிறார்கள். அந்த விதியை மாற்ற வேண்டியது காங்கிரஸ். பாடத்துக்குள் இது கட்டாயம் வர வேண்டும். கடைசி வாரக் கேள்வி நேரத்தை ஒரே ஒருவர் தன் கட்சிப் பேச்சால் முக்கால் மணி பிடித்துக்கொண்டார், ஐயா நிறுத்தியிருக்கலாம். ஒலிபெருக்கி இல்லை, பின் வரிசைக்குப் பஸ் சத்தம்தான் கேட்கும். கழிப்பறை கீழே, சாவி பாத்திரக் கடைக்காரரிடம். ஞாயிறு அவர் பதினொன்றுக்குத்தான் கடை திறக்கிறார்.

டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்று ஐயா கடைசி வரை சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் எனக்கு அது பிடிக்கவில்லை, கேள்வியைத் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு, வகுப்பில் எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பதைப் பார்த்தபோது அவர் செய்தது சரி என்று பட்டது.

மகள் இப்போது குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறாள். புதிய முறைப்படி 128 கேள்விகள், நேர்காணலில் இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டுக்குச் சரியாகச் சொன்னால் தேர்ச்சி. இரவு எட்டரை மணிக்கு நான் இங்கிருந்து கேட்கிறேன், அவள் அங்கே காலைக் காப்பியோடு பதில் சொல்கிறாள். சாசனத்துக்கு எத்தனை திருத்தம் என்றேன். இருபத்தேழு என்றாள். கடைசித் திருத்தம் எப்போது முன்மொழியப்பட்டது, எப்போது நிறைவேறியது என்றேன். அது தேர்வில் வராது அம்மா என்றாள். 1789இல் முன்மொழிந்து 1992இல் நிறைவேறியது, தெரிந்து வைத்துக்கொள் என்றேன்.

அடுத்த அணி ஏப்ரலில் தொடங்குகிறது. சேர விரும்புகிறவர்கள் ஞாயிறு ஒன்பதரைக்குள் நேரில் போனால் போதும், முன்பதிவு எதுவும் இல்லை. ஜன்னல் ஓரத்து இரண்டாம் வரிசையில் உட்காருங்கள், காற்றும் வரும், பலகையும் தெரியும். படி செங்குத்தானது. வலப்பக்கக் கைப்பிடி ஆடுகிறது, இடப்பக்கம் பிடித்து ஏறுங்கள்.